பங்களாப்பூவும் ஒரு வாளிச் சுண்ணாம்பும்

என் மதினி மீனம்மா போனில் "சாப்பிட்டியா" என்று கேட்கிற ஆள் இல்லை. எடுத்தவுடன் "பூத்திச்சா?" என்பார். ஒன்பது வருடமாக இதே கேள்வி. நானும் ஒன்பது வருடமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு "இன்னும் இல்லீங்க மதினி" என்று சொல்லிவந்தேன். அந்தப் பக்கம் ஒரு சின்னச் சிரிப்பு கேட்கும். "அது குளிர் ஊரு மரம் ரஜிதா. ஒங்க பொகவந்தலாவைக்கு ஒத்துவராது புள்ள" என்று சொல்லிவிட்டுத்தான் மற்றப் பேச்சுக்கு வருவார்.

மதினி என் வீட்டுக்காரரின் அக்கா. கந்தப்பளையில் வாழ்க்கைப்பட்டவர். அந்த ஊர் ஆறாயிரம் அடிக்கு மேல். நாங்கள் நாலாயிரத்துச் சொச்சத்தில் கிடக்கிறோம். இந்த ரெண்டாயிரம் அடியையும் ஏதோ தானே முதுகில் கல் சுமந்து கட்டி ஏற்றியதுபோலத்தான் மதினி பேசுவார்.

அவர் வாசலில் நிற்பது ரொடோடென்ட்ரன் மரம். சிங்கள ஆட்கள் மாரத்மல் என்பார்கள். பழைய துரை பங்களாக்களில் நிறைய நிற்பதால் எங்கள் ஆட்களுக்கு அது பங்களாப்பூ. பத்து வருடத்துக்கு முன் ஒரு மாசி மாதம் அங்கே போனபோது அதை முதன்முதலில் பூவோடு பார்த்தேன். கை அகலக் கொத்துகள். நல்ல ரத்தச் சிவப்பு. மரத்தில் இலையே தெரியவில்லை. பால்தேத்தண்ணி ஆறிப்போகிற வரைக்கும் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். மதினிக்குப் பெருமை தாங்கவில்லை. தாழ்ந்த கிளை ஒன்றை வளைத்து மண்ணில் பதித்து, மேலே ஒரு கல்லை வைத்தார். அடுத்த வருடம் அது வேர்விட்டதும் வெட்டிச் சாக்கில் சுற்றி என்னிடம் தந்தார்.

தரும்போதே, "குடுக்குறேன். ஆனா அங்க பூக்காது" என்றார்.

நான் கொஞ்சம் கோபக்காரி. அந்த ஒரு வார்த்தைக்காகவே அதைப் பூக்க வைக்க வேண்டும் என்று அன்றைக்கே நெஞ்சில் முடிந்துகொண்டேன்.

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் இருந்து மாரியம்மன் கோயிலுக்குப் போகிற பாதையோரம், கடைசி வீட்டுக் காம்பராவுக்குப் பக்கத்தில் கொஞ்சம் வெற்றிடம் இருந்தது. அங்கேதான் நட்டேன். நட்டேன் என்று சும்மா சொல்லக்கூடாது, அந்த மரத்தைக் கொண்டாடினேன். திருவிழாவுக்கு நாங்கள் பாதையின் இரண்டு ஓரமும் சுண்ணாம்பு அடிப்போம். ஆத்தா வருகிற வழி வெள்ளையாக இருக்க வேண்டும். கோயில் மரங்களுக்கு வெள்ளையும் காவியும் பட்டை தீட்டுவோம். என் மரத்துக்கு மட்டும் என்ன குறைச்சல்? சுற்றிலும் கல் அடுக்கி, வெள்ளையும் காவியுமாக அடித்து, அடிமரத்துக்கும் மூன்று பட்டை இழுத்துவிடுவேன். வாளியில் மிஞ்சின சுண்ணாம்பையும், வாளி கழுவின தண்ணீரையும் வீணாக்காமல் அதன் தூரிலேயே ஊற்றுவேன்.

மரம் இடுப்பளவு வந்து நின்றுவிட்டது. இலை மஞ்சளடித்தது. நரம்பு மட்டும் பச்சை. கவ்வாத்து வெட்டின தேயிலை மலைக்கு டொலமைட் பொடி தூவுவது தோட்டத்து வழக்கம். தேயிலைக்கு ஆகிறது இதற்கு ஆகாதா என்று நானும் ரெண்டு கை அள்ளிப் போட்டேன். இலை இன்னும் மஞ்சளானது. நான் இன்னும் ரெண்டு கை போட்டேன்.

போன வருடம் திருவிழா முடிந்து அடுத்த வாரமே கோயில் கமிட்டி கூடியது. தலைவர் சோலைமலை மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, "இப்ப லயத்துல அஞ்சு ஓட்டோ ஆயிருச்சு. நிப்பாட்ட எடமில்ல. பாதையோரம் அந்த மஞ்ச மரம் நிக்கிதே, அத எடுத்துட்டா வசதியா இருக்கும். என்னா சொல்றீங்க?" என்றார்.

சரி என்று கைகள் உயர்ந்தன. முதலில் உயர்ந்தது என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் சுதாகரனின் கை. அவர் ஓட்டோ ஓட்டுகிறவர். நான் பார்த்த பார்வையில் கை பாதியில் மடங்கித் தலையைச் சொறிந்தது.

நான் எழுந்து நின்றேன். "ஒரு வருசம் தாங்க. அடுத்த திருவிழாவுக்கு ஆத்தா கரகத்துக்கு ஹட்டன்ல போயி பூ வாங்க வேணாம். இந்த மரத்துப் பூவுலதான் ஜோடிக்கிறோம். பூக்கலன்னா வெட்ட ஆள் தேடாதீங்க. நானே கவ்வாத்துக் கத்தியத் தூக்குறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். சோலைமலை மாமா மட்டும் சிரிக்காமல் கமிட்டிப் புத்தகத்தில் அதை எழுதிக்கொண்டார். 

வீட்டுக்கு நடக்கும்போது இவர், "கோவத்துல வாய விட்டுட்டியே ரஜிதா" என்றார்.

"கையத் தூக்குனவரு பேசாதீங்க" என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தனியாக நுவரெலியாவுக்கு பஸ் ஏறினேன். பார்க்கில் பங்களாப்பூ மரங்கள் வரிசையாக நிற்கும் என்று தெரியும். அங்கே என் வயசில் ஒரு சிங்களப் பெண் வாடின கொத்துகளை ஒவ்வொன்றாக ஒடித்துக்கொண்டிருந்தாள். பெயர் பிரியந்தி, பார்க்கில் வேலை. எனக்குத் தெரிந்த சிங்களம் கடையில் சாமான் வாங்குகிற அளவுக்குத்தான். அவளுக்கு உடைந்த தமிழ் கொஞ்சம் வந்தது. ஏன் ஒடிக்கிறாய் என்று கேட்டேன். வாடின பூ காயாக மாறினால் மரத்தின் சத்தெல்லாம் அதற்கே போய்விடும், அடுத்த வருடம் மொட்டு வராது என்றாள். கொத்துக்குக் கீழேயே புதுத் துளிர் ஒளிந்திருக்கிறது, அது முறியாமல் ஒடிப்பதுதான் கஷ்டம் என்றாள். பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. கொழுந்து கிள்ளுகிற விரல் இது. கட்டைவிரலை வைத்து ஒரு சுண்டு சுண்டினேன், கொத்து மட்டும் கையோடு வந்தது. அவள் ஒரு கிளை முடிப்பதற்குள் நான் நாலு கிளை முடித்தேன். அதற்குப் பிறகு நாங்கள் சிநேகிதிகள்.

போனை எடுத்து என் மரத்தின் படத்தைக் காட்டினேன். வெள்ளைப் பட்டை, காவிப் பட்டை, சுற்றிலும் வெள்ளைக் கல். பிரியந்தி வாயில் கையை வைத்தாள்.

"அனே, ஹுணு! ஹுணு தான்ட எப்பா அக்கே!"

சுண்ணாம்பு போடாதே என்கிறாள். இந்த மரத்துக்குப் புளிச்ச மண்தான் வேண்டுமாம், தேயிலை மண்ணைவிடவும் புளிப்பாக. சுண்ணாம்பு பட்டால் மண்ணில் இருக்கிற சத்தை எடுக்க முடியாமல் பட்டினி கிடந்தே மஞ்சளாகிவிடுமாம். பக்கத்தில் கொத்துக் கொத்தாக நீலமாய் நின்ற ஹைட்ரேஞ்சியாவைக் காட்டினாள். புளிச்ச மண்ணில் அது நீலமாகப் பூக்கும், சுண்ணாம்பு ஏறின மண்ணில் ரோஸாகிவிடும், வீட்டுக்குப் போய்ப் பார் என்றாள்.

எங்கள் ஊர் சூடாயிற்றே, அதற்கு என்ன செய்ய என்று கேட்டேன். தலைக்குச் சூடு தாங்கும், காலுக்குத்தான் தாங்காது என்றாள். காலை வெயில் படட்டும், பின்னேர வெயிலை மறை. வேர் மேலாகவே ஓடும், அதனால் கொத்தாதே. தூரில் சருகைப் போட்டுக் குளிர வை. குளிர் ஊரில் சும்மா கிடைக்கிறதை அங்கே நீதான் கொடுக்க வேண்டும் என்றாள்.

திரும்பி வந்து பையைக்கூட வைக்கவில்லை. நேராக மரத்தடிக்குப் போனேன். கல் வளையத்தை ஒட்டி நான் நட்ட ஹைட்ரேஞ்சியா ஒன்று உண்டு. நட்ட வருடம் நீலமாகப் பூத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இப்போது நல்ல ரோஸ். பாதைக்கு மேல் பக்கம், சுண்ணாம்பு எட்டாத இடத்தில் அதே செடியின் கன்று நின்றது. அது இன்னும் நீலம்.

அந்த வெள்ளைக் கல்லிலேயே உட்கார்ந்து அழுதேன். மதினியின் குளிரும் காரணமில்லை, பொகவந்தலாவை வெயிலும் காரணமில்லை. எட்டுத் திருவிழாவுக்கு வாளி வாளியாக நானே பக்தியோடு ஊற்றியிருக்கிறேன். போதாததற்கு டொலமைட் வேறு, அதுவும் ஒரு சுண்ணாம்புதான். அந்த மரம் இத்தனையையும் தாங்கிக்கொண்டு உயிரோடு நின்றதை நினைத்தபோது, அதன் பிடிவாதம் என்னுடையதைவிடப் பெரிது என்று தோன்றியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கல்லைப் பெயர்க்க ஆரம்பித்தேன்.

லயமே வாசலுக்கு வந்துவிட்டது. "ஆத்தாவுக்குப் பட்ட தீட்டின மரத்தக் கலைக்கிறாளே" என்று ஒரு குரல் கேட்டது. நான் காதில் வாங்கவில்லை. தேங்காய் மட்டையால் அடிமரத்தைத் தேய்த்தேன். மேல் மண்ணை, வேர் அறுபடாமல், கையாலேயே வழித்து எடுத்தேன். கூடை கூடையாக வெள்ளை மண். அதற்குப் பதிலாகப் புதுக்காட்டு மண் போட்டு மேடாக்கினேன். பாதையில் இருந்து வருகிற தண்ணீர் இந்தப் பக்கமே வராமல் மேல்பக்கம் ஒரு கான், அதாவது சின்ன வாய்க்கால், வெட்டித் திருப்பிவிட்டேன். தேயிலை மலையில் இருபது வருடம் கான் வெட்டுவதைப் பார்த்தவள், எனக்கு அது ஒரு வேலையா? மேற்கே நாலு கம்பு நட்டுச் சாக்குத் தட்டி கட்டினேன்.

சருகுக்கு பைனஸ் ஊசியிலைக் காட்டுக்குப் போக வேண்டும். தலைச்சுமையாகக் கொண்டுவந்து மூச்சு வாங்குவதை மூன்று நாள் பார்த்த இவர், நாலாம் நாள் ஓட்டோவைக் காட்டுக்கே கொண்டுவந்தார். "சீட்டெல்லாம் ஊசி. ஏறுறவன் என்னையக் குத்தப் போறான்" என்று வழியெல்லாம் புலம்பினார். ஆனாலும் ஏழு சாக்கு ஏற்றினார்.

ஆடி மழை மிச்சச் சுண்ணாம்பைக் கழுவிக்கொண்டு போனது. ஐப்பசியில் புது இலை வந்தது. முதலில் வெளிறலாக, பிறகு கரும்பச்சையாக. கார்த்திகைக்குள் மரம் ஒரு முழம் ஏறிவிட்டது. கலைக்கிறாளே என்று சொன்ன அதே வாய், "என்னா உரம் போட்ட?" என்று கேட்டது. தையில் கிளை நுனிகளில் மொட்டு தெரிந்தது. ஒல்லி மொட்டு இலைக்கு, பருத்த மொட்டு பூவுக்கு என்று பிரியந்தி சொல்லியிருந்தாள். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். பருத்தது பதினேழு.

அன்றைக்கும் மதினி போன் எடுத்தார். "பூத்திச்சா?"

"மொட்டு வந்திருக்குங்க மதினி."

மதினி, "மொட்டு வரும். உதிரும். எதிர்பாத்து மனச ஒடச்சிக்காத புள்ள" என்றார். அப்போது அவர் குரல் வழக்கம்போல இல்லை. எனக்கிருந்த எரிச்சலில் அதை நான் கவனிக்கவில்லை.

பங்குனி பிறந்தது. திருவிழாவுக்குச் சிரமதானம். சுண்ணாம்பு வாளிகள் வந்தன. நான் பாதையை மறித்து நின்றேன்.

"சுண்ணாம்பு அடிக்காத பாதையில கரகம் வராது. அது வழக்கம்" என்றார் சோலைமலை மாமா.

"வழக்கம் ஒங்களோட இருக்கட்டும் மாமா. மரத்துக்கு முன்னால பத்து அடி மட்டும் எனக்கு விடுங்க. சுண்ணாம்புக்குப் பதிலா பச்சரிசி மாவுல ரெண்டு ஓரமும் இழுத்துர்றேன். வெள்ளதானே வேணும்?"

"எறும்பு தின்னுரும்."

"தின்னட்டுமே. எறும்பும் ஆத்தா புள்ளதான்."

மாமா புத்தகத்தைத் தட்டிக் காட்டினார். "எழுதி வச்சிருக்கேன். வெள்ளிக்கெழம கரகம். பூ இல்லன்னா கத்தி."

புதன்கிழமை காலை ஒன்பது கொத்து விரிந்திருந்தது. மற்றதெல்லாம் நுனி சிவந்து நின்றன. நான் வேலைக்குப் பேர் கொடுக்கிற காலைப் பெரட்டுக்குப் போகும்போது மூன்று தடவை திரும்பிப் பார்த்தேன். பின்னேரம் கொழுந்து நிறுக்கிற நேரம், மேற்கே வானம் கறுத்தது. பங்குனி மழை சும்மா பெய்யாது. இடியும் காற்றுமாக வந்து, ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் புரட்டிவிட்டுப் போகும். கூடையைத் தராசடியிலேயே போட்டுவிட்டு ஓடினேன்.

நான் போய்ச் சேரும்போது மழை பிடித்துவிட்டது. கானில் பைனஸ் சருகு அடைத்து, முந்தின நாள் அடித்த சுண்ணாம்பெல்லாம் பாலாகக் கரைந்து மரத்தைப் பார்த்து இறங்கிக்கொண்டிருந்தது. சேற்றில் முழங்கால் போட்டுக் கைகளால் அள்ளி எறிந்தேன். ஒரு கை அள்ளினால் ரெண்டு கை சருகு வந்து அடைந்தது. தலைக்கு மேல் ஒரு கொத்து முறிந்து மடியில் விழுந்தது. அதைப் பார்த்ததும் "ஆத்தா" என்று கத்திவிட்டேன்.

நிமிர்ந்தபோது என் பின்னால் லயத்துப் பெண்கள் நின்றார்கள். மலையில் இருந்து என் பின்னாலேயே ஓடிவந்திருக்கிறார்கள். இடுப்பில் கட்டியிருந்த படங்குகளை அவிழ்த்தார்கள். கொழுந்து எடுக்கும்போது சேலை நனையாமல் நாங்கள் கட்டுகிற தடித்த படங்கு அது. நாலு பேர் சாக்குத் தட்டிக் கம்புகளில் எட்டி முடிச்சுப் போட, எட்டுப் பேர் மூலைகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மரத்துக்கு மேல் கூரை வந்துவிட்டது. ரெண்டு பேர் என்னோடு கானில் இறங்கினார்கள்.

காற்று மட்டும் பக்கவாட்டில் அறைந்தது. அப்போது பாதையில் ஓட்டோ சத்தம் கேட்டது. இவர் நேராக வந்து, பின்னுக்கு எடுத்து, காற்று அடிக்கிற பக்கமாக மரத்தை ஒட்டி நிறுத்தினார். இறங்கி, மழைச் சீலையை ஓட்டோவின் கூரையில் இருந்து கம்பு வரைக்கும் இழுத்துக் கட்டினார். ஓட்டோ நிறுத்த மரத்தை வெட்டச் சொல்லிக் கை தூக்கின மனுசன், மரத்தைக் காப்பாற்ற ஓட்டோவை நிறுத்திவிட்டுத் தெப்பமாக நனைந்து நின்றார். அந்த மழையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார்.

மழை விட்டபோது ரெண்டு கொத்து போயிருந்தது. பதினைந்து நின்றது. கானில் வெள்ளைத் தண்ணீர் மரத்தைத் தொடாமல் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை பகல் பஸ்ஸில் மதினி வந்து இறங்கினார். ஒவ்வொரு திருவிழாவுக்கும் ஈரத்துணியில் சுற்றின பங்களாப்பூ ஒரு கூடை கொண்டுவந்து, "எங்க ஊருப் பூ" என்று ஆத்தா காலடியில் வைப்பார். இந்தத் தடவை கை வெறுமையாக இருந்தது.

"எங்க மதினி பூ?"

"தைக் கடைசியில மூணு நாளு பனி உறைஞ்சு அடிச்சிச்சு. மொட்டெல்லாம் கருகிப்போச்சு. ஒரு கொத்து மிஞ்சல." சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றைக்குப் போனில் குரல் ஏன் அப்படி இருந்தது என்று இப்போதுதான் புரிந்தது. அப்போதே பனி விழ ஆரம்பித்து, மரத்தைப் பற்றிப் பயந்துபோய் இருந்திருக்கிறார்.

அவரைக் கையைப் பிடித்து மரத்தடிக்கு அழைத்துப் போனேன். மழைக்குப் பிந்தின வெயிலில் பதினைந்து கொத்தும் முழுக்க விரிந்திருந்தன. மதினி கிட்டப் போனார். ஒரு பூவின் உள்ளே எட்டிப் பார்த்தார். இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைத் தடவினார். முந்தானையால் கண்ணைத் துடைத்தார். பத்து வருடத்துக்கு முன் அவர் வாசலில் நான் எப்படி நின்றேனோ அப்படியே நின்றார்.

நாலு மணிக்கு ஆற்றங்கரையில் கரகம் ஜோடித்துப் பாலித்தார்கள். பன்னிரண்டு கொத்தை நானே கட்டைவிரலால் சுண்டி எடுத்துக் கொடுத்தேன். மூன்றை மரத்திலேயே விட்டேன், ஆத்தா போகும்போது பார்க்கட்டும் என்று. கரகம் சிவப்பாக எழுந்து, தப்பும் உருமியும் முழங்க, என் பச்சரிசி மாவுக் கோட்டுக்கு நடுவில் வந்தது. எறும்பும் வந்திருந்தது. மரத்துக்கு முன்னால் பூசாரி ஒரு சுற்றுச் சுற்றி ஆடினார். குலவைச் சத்தத்தில் என் காது அடைத்துப்போனது. இந்தச் சந்தோசத்துக்கு ஒன்பது வருடம் போதாது, இன்னும் ஒன்பது கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

கோயிலில் சோலைமலை மாமா மைக்கைப் பிடித்தார். "இந்த வருச ஆத்தா கரகத்துக்குப் பூ உபயம், நம்ம லயத்து ரஜிதா சுதாகரன். அந்த மரத்த இனிமே யாரும் தொடக்கூடாதுன்னு கமிட்டி தீர்மானிச்சிருக்கு. ஓட்டோக்காரங்க வேற எடம் பாத்துக்கங்க." எல்லாரும் கை தட்டினார்கள். முதலில் தட்டினது யார் என்று திரும்பிப் பார்க்காமலே எனக்குத் தெரியும்.

நான் போய் மைக்கை வாங்கினேன். "பதியன் குடுத்தது கந்தப்பள மீனம்மா மதினி" என்றேன். மதினி தலை குனிந்தார். அதோடு விட்டிருக்கலாம்தான். நாக்கு நிற்கவில்லை. "பூக்க வச்சது நானு!"

லயமே கூவியது. மதினிகூடச் சிரித்துவிட்டார்.

அர்ச்சனைத் தட்டோடு திரும்பும்போது அவர் மெதுவாக என் பக்கத்தில் வந்து நடந்தார். மரத்தைத் தாண்டினதும் என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஏ புள்ள, பனி அடிச்சா என்னா பண்ணணும்? ஒனக்குத் தெரியுமா?"

மதினி என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. "பூத்திச்சா" என்பதெல்லாம் கேள்வியில் சேராது. அதற்கு ஒரு பதிலைப் பத்து விதமாகக் குத்திச் சொல்லலாம் என்று நெஞ்சுக்குள் வரிசையாக வந்து நின்றது. அவர் முகத்தைப் பார்த்தேன். எல்லாவற்றையும் விழுங்கிவிட்டேன்.

"தெரியாதுங்க மதினி. அது ஒங்க ஊருச் சங்கதி. பார்க்குல என் சிநேகிதி பிரியந்தி இருக்கா. ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் போயி கேப்போம்" என்றேன்.

"சரி புள்ள" என்றார் மதினி. "நீ சாப்பிட்டியா?"